படிக்கும்போது கவனம் நழுவாமல் இருக்க: கேள்வியில் தொடங்கும் வழிமுறை

படிக்க உட்காருபவர்களில் பெரும்பாலோர் தவறான முனையிலிருந்து தொடங்குகிறார்கள். அமைதியான இடம் தேடுகிறார்கள், கைபேசியை அணைக்கிறார்கள், முதல் பக்கத்தைத் திறக்கிறார்கள், "இன்று எப்படியும் கவனமாகப் படித்துவிட வேண்டும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருகிறார்கள். கால் மணி நேரத்தில் கண் மட்டும் வரிகளின் மேல் ஊர்ந்துகொண்டிருக்கிறது. பிறகு, "எனக்குக் கவனமே வராது" என்ற தீர்ப்பைத் தாங்களே எழுதிக்கொள்கிறார்கள்.

தேர்வுக்குப் படிப்பவர்கள், அலுவலகத்தில் தடித்த அறிக்கைகளோடு மல்லுக்கட்டுபவர்கள் எனப் பலரின் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறேன். கவனம் வராது என்று வருந்தும் அதே மனிதர், தன் பெயருக்கு வந்த மருத்துவப் பரிசோதனை முடிவை ஒரு வரி விடாமல் படிக்கிறார். வறண்ட நடை, பழக்கமில்லாத சொற்கள், பொடி எழுத்து எதுவும் அவரைத் தடுப்பதில்லை. ஏனென்றால் அந்தத் தாளில் அவர் ஒன்றைத் தேடுகிறார். தேடல் இருக்கும் இடத்துக்குக் கவனம் தானாக வந்துவிடுகிறது.

கீழே உள்ள படிகள் அந்தத் தேடலை உண்டாக்குவதற்கும் கலையாமல் காப்பதற்கும் உரியவை. தயவுசெய்து வரிசையை மாற்றாதீர்கள். இரண்டாம் படியைத் தவிர்த்துவிட்டு ஏழாம் படிக்குத் தாவியவர்கள் யாரும் பலன் கண்டு நான் பார்த்ததில்லை.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

படிக்க வேண்டிய பகுதி, பென்சில், இரண்டு வெற்றுத் தாள்கள், கைபேசி அல்லாத ஒரு கடிகாரம். இவ்வளவு போதும்.

தாள்கள் ஏன் இரண்டு? ஒன்றில் கேள்வியும் பதிலும் எழுதப்போகிறோம். மற்றொன்றின் தலைப்பில் "பிறகு" என்று மட்டும் எழுதி வையுங்கள். படிக்கும்போது மனத்தில் குதிக்கும் மற்ற வேலைகள் அதில் போய் இறங்கும். இரண்டையும் ஒரே தாளில் வைத்தால் பதிலைப் பார்க்கப் போகும் கண் "மின்கட்டணம் கட்ட வேண்டும்" என்ற வரியில் இடறும்.

கடிகாரம் கைபேசியில் இருக்கக் கூடாது என்பதற்குக் காரணம் எளிது. நேரம் பார்க்க எடுத்தவர் நேரத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கீழே வைப்பது அரிது.

முடிந்தால் அச்சுப் பிரதியில் படியுங்கள். 2000 முதல் 2017 வரை வெளியான 54 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய ஒரு தொகுப்பாய்வு 2018-இல் வந்தது. தகவல் சார்ந்த உரைகளில், அதுவும் நேர நெருக்கடியோடு படிக்கும்போது, திரையைவிடத் தாளில் படித்தவர்களுக்குப் புரிதல் ஓரளவு மேலாக இருந்தது. கதைகளுக்கு மட்டும் அந்த வேறுபாடு தெரியவில்லை. திரையில்தான் படித்தாக வேண்டும் என்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், அந்த ஒரு சாளரத்தைத் திரை முழுவதும் விரித்துவையுங்கள், மற்ற தாவல்களை மூடுங்கள். பென்சில் குறிப்புகளைப் பக்கத்தில் உள்ள தாளில் எழுதுங்கள்.

2. எதைத் தேடுகிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

இந்த வழிகாட்டியின் உயிர் இந்தப் படிதான். மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இதை மட்டும் செய்யுங்கள்.

கேள்வித் தாளின் உச்சியில், இந்த அமர்வில் இந்தப் பக்கங்களிடம் நீங்கள் கேட்கப்போவதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். முதல் முறை எழுதுபவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் எழுதுவது இதுதான்: "மூன்றாம் இயலை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும்." அது விருப்பம். கேள்விக்கு ஒரு வினாச்சொல் வேண்டும்: யார், எது, எப்போது, எப்படி, ஏன், எவ்வளவு.

உயிரியல் பாடம் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "ஒளிச்சேர்க்கை பற்றிப் படிக்க வேண்டும்" என்று எழுதினால் மனத்துக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் கிடைப்பதில்லை. "ஒளிச்சேர்க்கையில் வெளியேறும் ஆக்சிஜன் நீரிலிருந்து வருகிறதா, கார்பன் டை ஆக்சைடிலிருந்து வருகிறதா? எந்தக் கட்டத்தில்?" என்று எழுதிப் பாருங்கள். விடை நீர்தான், ஒளிவினை நடக்கும் கட்டத்தில். ஆனால் அதைக் கண்டுபிடிக்கப் போகும் வழியில் அந்த இயலின் முதுகெலும்பையே தொட்டுவிடுவீர்கள். ஒப்பந்தம் படிப்பவர், "எந்தெந்தச் சூழலில் முன்பணத்தை நாங்கள் திருப்பித் தர வேண்டியிருக்கும்?" என்று கேட்கலாம். அறிக்கை படிப்பவர், "செலவு கூடியதற்கு இவர்கள் சொல்லும் காரணம் என்ன, அதற்கு எண்களில் ஆதாரம் இருக்கிறதா?" என்று கேட்கலாம்.

எழுதிய கேள்வியை மூன்று வகையில் சோதித்துப் பாருங்கள். விடை கிடைத்தால், கிடைத்துவிட்டது என்று உங்களுக்குத் தெரியுமா? அந்த விடை இந்தப் பக்கங்களில் இருக்க வாய்ப்பு உண்டா? ஒரே அமர்வில் முடியும் அளவுக்குச் சிறியதா? மூன்றில் ஒன்று தவறினாலும் கேள்வியைத் திருத்துங்கள். இதற்கு ஐந்து நிமிடம் ஆகலாம். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சப்படுத்த நினைப்பவர்கள் பின்னால் ஒரு மணி நேரத்தை இழக்கிறார்கள்.

இங்கே நடக்கும் தவறு இன்னொன்றும் உண்டு. ஆர்வம் மிகுந்தவர்கள் பத்துக் கேள்விகள் எழுதிவிடுவார்கள். பத்துக் கேள்விகளோடு படித்தால் எந்தக் கேள்வியும் கையில் நிற்காது. ஒன்று, மிஞ்சினால் இரண்டு. மற்றவற்றை அடுத்த அமர்வுக்கு வையுங்கள்.

"எனக்குத்தான் அந்தப் பாடமே தெரியாதே, எப்படிக் கேள்வி கேட்பது?" என்று கேட்பவர்களுக்கு அடுத்த படி உதவும். அதை முடித்துவிட்டு வந்து கேள்வியை எழுதுங்கள். வரிசையை மாற்ற நான் அனுமதிக்கும் ஒரே இடம் இது.

3. படிக்காமல் ஒரு சுற்று வாருங்கள்

புதிய ஊரில் இறங்கியவுடன் எந்தச் சந்திலாவது நுழைந்துவிடுவதில்லை. ஒரு மேடான இடத்தில் நின்று, சாலை எங்கே போகிறது என்று பார்த்துவிட்டுத்தான் நடக்கிறோம். அதையே இங்கும் செய்யுங்கள். இன்று படிக்க வேண்டிய பகுதியின் தலைப்புகள், உட்தலைப்புகள், படங்கள், அட்டவணைகள், முதல் பத்தி, கடைசிப் பத்தி. இவற்றை மட்டும் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது.

இதற்கு வலுவான காரணம் உண்டு. ஒரே நேரத்தில் மனம் ஏந்திக்கொள்ளக்கூடியவை மிகச் சில. சுமார் நான்கு என்பது உளவியலில் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. பகுதியின் சட்டகம் முன்கூட்டியே தெரிந்திருந்தால் வரும் செய்திகள் தத்தம் இடத்தில் போய் அமர்ந்துகொள்ளும். சட்டகம் இல்லாவிட்டால் ஒவ்வொரு செய்தியும் தனித்தனியாகக் கையில் நிற்கும். ஐந்தாவது வரும்போது முதலாவது கீழே விழும். அந்தக் கணத்தில்தான் மனம் சலித்துப்போய் வெளியே கிளம்புகிறது.

சுற்றி முடித்தவுடன் இரண்டு முடிவுகள் எடுங்கள். இன்று எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை? எதைப் படிக்கப் போவதில்லை? இரண்டாவது முடிவை எடுக்கப் பலருக்குத் துணிவு வருவதில்லை. அலுவலக அறிக்கையின் பின்னிணைப்பு உங்கள் கேள்விக்குத் தேவையில்லை என்றால் அதைப் படிக்காமல் விடுவதில் குற்றம் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே சீரான கவனத்தோடு படிக்க முயல்பவர் தேவையான இடத்துக்கு வந்து சேரும்போது களைத்துவிட்டிருப்பார்.

சுற்றிப் பார்ப்பது நுனிப்புல் மேய்வது ஆகாதா என்று சிலர் தயங்குகிறார்கள். மேய்ந்துவிட்டு எழுந்து போனால்தான் அப்படி. இங்கே அது உழுவதற்கு முன் நிலத்தைச் சுற்றி வருவது மட்டுமே.

4. மனத்தில் நிலுவையில் உள்ளவற்றை இறக்கி வையுங்கள்

பாதியில் விட்ட வேலையிலிருந்து எழுந்து வந்து படிக்க உட்கார்ந்தால் கவனத்தின் ஒரு பகுதி அந்த வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். சோஃபி லெரோய் என்ற ஆய்வாளர் 2009-இல் இதைச் சோதனைகளில் காட்டினார். "கவன எச்சம்" என்ற பொருளில் அவர் வைத்த பெயர் இன்று பரவலாகப் புழங்குகிறது.

இதைச் சரிசெய்ய எளிய வழி ஒன்று இருக்கிறது. "பிறகு" தாளை எடுத்து, மூன்று நிமிடம், மனத்தை உறுத்தும் வேலைகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எப்போது, எங்கே, எப்படிச் செய்யப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். "கடிதத்துக்குப் பதில்" என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். "மாலை 5 மணிக்கு, தேதியை மட்டும் உறுதிசெய்து இரண்டு வரி பதில்" என்று எழுதுங்கள்.

இந்த "எப்போது" ஏன் அவ்வளவு முக்கியம்? மாசிகாம்போ, பாமைஸ்டர் ஆகிய இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முடியாத இலக்குகள் தொடர்பே இல்லாத ஓர் உரையைப் படிக்கும்போதுகூடக் குறுக்கே வந்து தொல்லை கொடுத்தன. ஆனால் அவற்றுக்குத் திட்டவட்டமான ஒரு திட்டம் வகுத்தவர்களுக்கு அந்தத் தொல்லை நீங்கியது. வேலை முடிந்திருக்கவில்லை, திட்டம் மட்டுமே இருந்தது. மனத்துக்கு அந்த உறுதிமொழி போதுமாக இருக்கிறது.

இங்கே ஒரு பொறி உண்டு. எழுதும்போதே, "இது இரண்டு நிமிட வேலைதானே, முடித்துவிட்டு வந்துவிடலாம்" என்று தோன்றும். போகாதீர்கள். அந்த இரண்டு நிமிடம் இன்னொரு பாதி வேலையைப் பெற்றெடுக்கும்.

5. இடத்தையும் காதையும் காத்துக்கொள்ளுங்கள்

கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். கவிழ்த்து வைப்பதும் ஒலியை நிறுத்துவதும் போதாது; கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் சலிப்பு வந்த நொடியில் கை அங்கேதான் போகும். அவசர அழைப்பு வரக்கூடும் என்ற நிலையில் இருப்பவர்கள் அந்தக் குறிப்பிட்ட எண்கள் மட்டும் ஒலிக்கும்படி அமைத்துவிட்டு, ஒலி கேட்கும் தூரத்தில் வைக்கலாம்.

ஓசைகளில் படிப்பை மிகுதியாகக் கெடுப்பது, புரியும் மொழியில் கேட்கும் பேச்சு. மின்விசிறியின் இரைச்சல் தொடர்ந்து கேட்டாலும் சிறிது நேரத்தில் காது பழகிவிடும். பக்கத்து மேசையின் உரையாடல் அப்படிப் பழகாது, ஏனென்றால் அதுவும் சொல், நீங்கள் படிப்பதும் சொல். இரண்டும் மனத்தில் ஒரே வாசலில் நுழையப் பார்க்கின்றன. பாடல் வரிகளுக்கும் இதே நிலைதான். இசை இல்லாமல் முடியாது என்பவர்கள் சொற்கள் இல்லாத, நன்கு பழகிய இசையைக் கேட்கலாம்.

கூட இருப்பவர்களிடம், "படிக்கிறேன், தொந்தரவு செய்யாதீர்கள்" என்று சொல்வதைவிட, "பத்தரை மணிக்கு வந்துவிடுகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். முடியும் நேரம் தெரிந்தால் மனிதர்கள் காத்திருப்பார்கள்.

6. உங்கள் உண்மையான அளவைக் கண்டறிந்து அதிலிருந்து தொடங்குங்கள்

25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்ற கணக்கைப் பலர் வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். பிரான்செஸ்கோ சிரில்லோ வகுத்த அந்த முறை பலருக்கு உதவுகிறது என்பது உண்மைதான். ஆனால் 12 நிமிடத்தில் மனம் நழுவிவிடும் ஒருவர் 25 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு நாளும் 13 நிமிடம் தோற்கப் பழகுகிறார்.

ஆகவே முதலில் அளந்து பாருங்கள். கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்கி, முதல் முறை மனம் எங்கோ போய்விட்டதை உணர்ந்த நேரத்தைக் குறியுங்கள். மூன்று நாள் இப்படிக் குறித்தால் ஒரு தோராயமான அளவு தெரியும். 12 நிமிடம் என்று வந்தால் உங்கள் அமர்வு 12 நிமிடம்தான். வெட்கப்பட ஒன்றுமில்லை. வாரத்துக்கு மூன்று நான்கு நிமிடம் கூட்டிக்கொண்டே போங்கள். கடினமான உரைக்கும் எளிய உரைக்கும் அளவு வேறுபடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஓய்வில் எழுந்து நில்லுங்கள், நடங்கள், தண்ணீர் குடியுங்கள், தொலைவில் பாருங்கள். திரையில் படிப்பவர்கள் 20 நிமிடத்துக்கு ஒரு முறை சுமார் 6 மீட்டர் தூரத்தில் உள்ள எதையாவது 20 நொடி பார்ப்பது கண்ணுக்கு இதம். திரையை உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கண் உலர்ந்து எரிவதையே பலர் "கவனம் போய்விட்டது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஓய்வில் கைபேசியைத் தொட்டால் நான்காம் படியில் இறக்கி வைத்த சுமைக்குப் பதிலாகப் புதிய சுமையைத் தலையில் ஏற்றிக்கொண்டுதான் திரும்புவீர்கள்.

7. பத்தி முடிந்த பிறகே பென்சில் தாளைத் தொட வேண்டும்

இப்போதுதான் படிக்கத் தொடங்குகிறோம்.

புதியவர்கள் செய்யும் தவறுகளில் எனக்கு மிகுந்த கவலை தருவது, படித்துக்கொண்டே கோடு போடுவது. பக்கம் முழுவதும் மஞ்சளாகிவிடும். கை சுறுசுறுப்பாக இருப்பதால் மனமும் வேலை செய்வதுபோல் ஓர் எண்ணம் வரும். டன்லோஸ்கியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2013-இல் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டபோது, அடிக்கோடிடுவதும் திரும்பத் திரும்பப் படிப்பதும் குறைந்த பலன் தரும் முறைகளின் பட்டியலில்தான் சேர்ந்தன.

இந்த விதியைக் கடைப்பிடியுங்கள்: ஒரு பத்தியை முழுவதும் படித்து முடியுங்கள். கண்ணை அதிலிருந்து எடுங்கள். அந்தப் பத்தி என்ன சொன்னது என்பதை மூன்று நான்கு சொற்களில் ஓரத்தில் எழுதுங்கள். "நீர் பிளக்கும் இடம்", "விதிவிலக்கு: தாமதம்", "காரணம் சொல்கிறார், ஆதாரம் இல்லை" என்பதுபோல. எழுத முடியவில்லை என்றால் நீங்கள் படிக்கவில்லை, பார்த்திருக்கிறீர்கள். உடனே அந்தப் பத்திக்குத் திரும்புங்கள். நழுவலை ஒரு பத்தி தூரத்திலேயே பிடித்துவிடுவதுதான் இந்த விதியின் பயன்; இல்லாவிட்டால் அது ஐந்து பக்கம் கழித்துத்தான் தெரியவரும்.

தமிழில் எழுதப்பட்ட சட்ட, நிர்வாக, ஆய்வு உரைகளைப் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நீண்ட வாக்கியத்தில் "செய்து", "கருதப்பட்டு", "அமைந்துள்ள" என்று எச்சங்கள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும்; வினைமுற்று கடைசியில்தான் வரும். அது வரும்வரை எல்லாவற்றையும் மனம் சுமந்துகொண்டிருக்க வேண்டும். பாதியிலேயே சோர்வு வருவது இயல்பு. அப்படிப்பட்ட வாக்கியத்தில் முதலில் கடைசிக்குப் போய் வினைமுற்றைப் பிடியுங்கள். அதைச் செய்வது யார் அல்லது எது என்று எழுவாயைக் கண்டுபிடியுங்கள். "குழு … பரிந்துரைக்கிறது" என்று எலும்புக்கூடு கையில் கிடைத்த பிறகு இடையில் உள்ளதைப் படித்தால் வாக்கியம் எளிதாகத் திறந்துகொள்ளும். இதைச் சொல்லிக்கொடுத்த அன்றே, வழக்கமாகத் தூங்கிவிழும் ஒருவர் இரண்டு பக்கச் சட்டப் பிரிவை நிமிர்ந்து உட்கார்ந்து முடித்ததைப் பார்த்தேன்.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேக வாசிப்பு என்ற பெயரில், மனத்துக்குள் ஒலிக்கும் குரலை அடக்கு, வந்த வழியே கண்ணைத் திருப்பாதே என்று கற்றுத்தருகிறார்கள். இரண்டும் புரிதலுக்கு எதிரானவை. படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டே போவதில்லை. ஓரிடத்தில் ஏறத்தாழ கால் நொடி நின்று, தாவி, மீண்டும் நிற்கிறது. புரியாத இடத்தில் பின்னோக்கித் தாவுவது மனம் விழிப்போடு இருப்பதன் அடையாளம். அந்த உட்குரலும் கடினமான வாக்கியத்தைப் பிடித்துவைக்க உதவுகிறது. தெரிந்த செய்தியில் விரைந்து போங்கள். அடர்த்தியான இடத்தில் நின்று போங்கள். தூக்கம் தட்டினால் ஒரு பத்தியை வாய்விட்டுப் படியுங்கள்.

தெரியாத சொல் வந்தால் ஒரு சுழி போட்டுவிட்டு நகருங்கள். அது இல்லாமல் வாக்கியமே நகராது என்றால் மட்டும் அகராதியைத் திறக்கலாம். ஒரு சொல்லைத் தேடப் போய் இணையத்தில் அரை மணி நேரம் காணாமல் போனவர்கள் ஏராளம்.

8. மனம் விலகியதும் செய்ய வேண்டியது

இவ்வளவு செய்தும் மனம் விலகும். எல்லோருக்கும் விலகும். படிப்பவர்களை ஆய்வகத்தில் உட்காரவைத்து இடையிடையே கேட்டுப் பார்த்த சோதனைகளில், கேட்ட நேரங்களில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ அவர்கள் மனம் வேறெங்கோ இருந்திருக்கிறது. ஆகவே விலகாமல் இருப்பது இலக்காக இருக்க வேண்டாம். விலகியதை விரைவில் உணர்ந்து, சிக்கனமாகத் திரும்புவதுதான் பழக வேண்டிய வேலை.

விலகியதை உணர்ந்த நொடியில் அந்த வரியின் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். மனத்தில் வந்தது ஒரு வேலை என்றால் "பிறகு" தாளில் நேரத்தோடு எழுதுங்கள். கேள்வித் தாளில் உள்ள ஒரு வரியை மீண்டும் படியுங்கள். உங்களுக்குத் தெளிவாக நினைவிருக்கும் கடைசி வாக்கியத்துக்குத் திரும்பி, அங்கிருந்து தொடருங்கள்.

பெரும்பாலோர் இதற்கு மாறாக இயலின் தொடக்கத்துக்கே போய்விடுகிறார்கள். அது கண்டிப்பான பழக்கம்போலத் தோன்றினாலும் தண்டனைதான்; மூன்றாம் முறை அதே முதல் பத்தியைப் பார்க்கும்போது மனம் முன்பைவிட விரைவாக ஓடிவிடும். இன்னும் சிலர், "போகப் போகப் புரியும்" என்று மேலே படித்துக்கொண்டே போகிறார்கள். தன்னைத்தானே திட்டிக்கொள்பவர்களும் உண்டு. திட்டுவதும் ஒரு கவனச் சிதறல்தான்.

ஒரு வாரம் கழித்து அந்தப் புள்ளிகளை எடுத்துப் பாருங்கள். அவை நோய் எது என்று காட்டிக்கொடுக்கும். ஒரே பகுதியில் குவிந்திருந்தால் அந்தப் பகுதிக்கு வேண்டிய அடிப்படை உங்களிடம் இல்லை. எளிய நூல் ஒன்றில் அதை முதலில் படியுங்கள். எல்லா அமர்வுகளிலும் கடைசி ஐந்து நிமிடத்தில் குவிந்திருந்தால் அமர்வு நீளம். பக்கமெங்கும் சீராகச் சிதறியிருந்தால் கேள்வி பலவீனமாக இருக்கிறது. இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். நாளின் ஒரு குறிப்பிட்ட வேளையில் மட்டும் மிகுந்தால் அந்த வேளையில் படிப்பை வைக்காதீர்கள். நான் பார்த்த அளவில் சிதறிய புள்ளிகள்தான் மிகுதி. கவனக்குறைவு என்று பேசப்படுவதில் பெரும்பகுதி கேள்விக்குறைவுதான்.

9. மூடி வைத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள்

அமர்வின் கடைசி ஐந்து நிமிடம் இதற்கு. உரையை மூடுங்கள். எழுதி வைத்த கேள்விக்கான பதிலை உங்கள் சொற்களில் எழுதுங்கள், அல்லது எதிரில் ஒருவர் இருப்பதாக எண்ணிச் சொல்லுங்கள். அதன் பிறகு திறந்து, விட்டதையும் தவறியதையும் வேறு நிறத்தில் சேருங்கள்.

ரோடிகர், கார்ப்பிக்கே இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், மீண்டும் மீண்டும் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். திரும்பப் படிப்பது தரும் தெளிவு உண்மையானதுதான், ஆனால் நிற்பதில்லை.

நினைவுக்கு நல்லது என்பதற்காக மட்டும் இதை இங்கே வைக்கவில்லை. முடிவில் சொல்லியாக வேண்டும் என்று தெரிந்தால் படிக்கும் விதமே மாறிவிடுகிறது. நான்கைந்து அமர்வுகளுக்குப் பிறகு, படித்துக்கொண்டிருக்கும்போதே "இதை எப்படிச் சொல்வேன்?" என்ற எண்ணம் பின்னணியில் ஓடத் தொடங்கும்.

10. இரண்டு வாரம் ஆகியும் மாற்றம் இல்லையென்றால்

முறையைக் குறை சொல்லும் முன்பு உடலைப் பாருங்கள். தொடர்ந்து ஏழு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கும் பெரியவர் எந்த உத்தியாலும் அந்தக் கடனை அடைக்க முடியாது. மாலையில் அருந்தும் காப்பியின் காஃபீனில் சுமார் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் பலர் உடலில் இருக்கும். இரவுத் தூக்கத்தைக் கெடுத்து மறுநாள் படிப்பையும் கெடுக்கும். நாற்பதைத் தாண்டியவர்கள் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஆர்வம் குறைந்துவிட்டது என்று மாதக் கணக்கில் வருந்திய ஒருவருக்குத் தேவைப்பட்டது வாசிப்புக் கண்ணாடி மட்டுமே.

சிறுவயது முதலே படிப்பில் மட்டுமன்றி வீட்டிலும் வேலையிலும் கவனம் நிலைக்காமல் வாழ்க்கையே தடுமாறுகிறது என்றாலோ, சில வாரங்களாக எதிலுமே நாட்டம் இல்லாமல் மனம் கனத்துக் கிடக்கிறது என்றாலோ மருத்துவரைப் பாருங்கள். அவை சிகிச்சைக்கு உரியவை. மன உறுதி போதாததன் அடையாளம் என்று எண்ணி ஆண்டுக்கணக்கில் உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள்.

11. எழும் முன் நாளைய வரியை எழுதுங்கள்

அமர்வுகள் எல்லாம் முடிந்து எழும்போது, விட்ட இடத்தில் ஒரு தாளைச் செருகுங்கள். அதில் இரண்டு செய்திகள் இருக்க வேண்டும்: எங்கே நிறுத்தினீர்கள், அடுத்து எதைத் தேடப்போகிறீர்கள். "பக்கம் 84, இரண்டாம் பத்தி. ஆக்சிஜன் நீரிலிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் கார்பன் டை ஆக்சைடு எங்கே போகிறது?"

இயல் முடியும் இடத்தில் நிறுத்த வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரு கேள்வி சூடாக இருக்கும் இடத்தில் நிறுத்துவது நல்லது. இயலை முடித்துவிட்டு எழுந்தவருக்கு மறுநாள் மீண்டும் முதல் படியிலிருந்து சுமை ஏற வேண்டும். செருகிய தாளை எடுத்துப் படிப்பவர் உட்கார்ந்த ஒரு நிமிடத்திலேயே 84-ஆம் பக்கத்தின் இரண்டாம் பத்தியில் இருப்பார்.